பலகையில் சிரிப்பவர்

துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுபவர்; திருவொற்றியூர் பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்காருவார். சோடாபுட்டிக் கண்ணாடி. ராயபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் விளம்பரப் பலகை நெருங்கினால் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “தாண்டிச்சா சார்?” என்று கேட்பார்.

ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

“அதுல பல்லக் காட்டிகினு கீறது நான்தான் சார். போட்டோ குட்த்தா லேசர் ஓசின்னாங்கோ. கொஞ்ச வருசம் கண்ணாடியே இல்ல. அப்பால கருவிழி பிதுங்கிகினு வந்துச்சி. போய் கேட்டா, எப்பவோ பண்ணது, எங்களுக்குத் தெரியாதுன்றான். போட்டோவ மட்டும் எட்க்க மாட்றான். பாத்தாலே கொமட்டுது.”

அடுத்த வாரம் அதே முகத்தை இன்னும் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள்.

“தாண்டிச்சா சார்?”

“போர்டையே கழட்டிட்டாங்க” என்றேன்.

மறுநாளும் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். “தாண்டிச்சா?” என்று என்னிடம் கேட்கவில்லை, பின்சீட்டுக்காரரிடம் கேட்டார்.