பங்க் என்றால் பெட்ரோல் பங்க் இல்லைங்க

சாமான் ஏற்றி இறக்குவதுதான் எங்கள் தொழில். நடுவில் கொஞ்ச நேரம் பாட்டும் உண்டு. பந்தல்காரர்கள், மைக் செட்காரர்கள், நாடகக்காரர்கள் எல்லோருக்கும் இது புரியும். காலுக்கடியில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு, டிரம்ஸோடு வரும் பித்தளைத் தட்டை மடியில் தாம்பாளம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, வேனில் குலுங்கிக் குலுங்கி ஊர் ஊராகப் போயிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

நாங்கள் மூன்று பேர். கதிரவன் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். அவன் அம்மா அதைக் கத்துவது என்பார். அப்பாஸுக்கு பேஸ் கிட்டார். பகலில் பெரம்பலூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் வனிதா, டிரம்ஸ். பகலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வேன் ஓட்டுபவர் மாரியப்பன் அண்ணன். நாங்கள் வாசிக்க ஆரம்பித்ததும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வேனுக்குள் உட்கார்ந்துவிடுவார். குழுவின் பெயர் சுண்ணாம்பு. வேகமான தாளம், சின்னச் சின்னப் பாட்டு, நிறையக் கோபம், இதற்குப் பெயர் பங்க். இந்த விளக்கத்தை ஒவ்வொரு ஊரிலும் சொன்னோம். எந்த ஊரிலும் அத்தோடு விட்டதில்லை.

எந்த பங்க்?

முதல் வெளியூர் அழைப்பு அரியலூர் ரோட்டிலிருந்து வந்தது. போனில் பேசியவர் திறப்பு விழா என்றார், நல்ல நாள் பார்த்தாயிற்று என்றார், "பங்க் பேண்ட்" நீங்கள்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். எங்கள் இசையின் பெயரைச் சரியாகச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். கதிரவனுக்குத் தலைகால் புரியவில்லை. போய் இறங்கினால் வாழைமரம், மாவிலைத் தோரணம், மாலை போட்ட பெட்ரோல் பம்பு. பங்க் திறப்பதற்கென்றே தனியாக ஒரு பேண்ட் செட் இருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

விளக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். வந்ததுதான் வந்துவிட்டீர்கள், வாசியுங்கள் என்றார். பம்புக்குப் பக்கத்தில் ஒயர் இழுக்கக் கூடாது என்பதால் ரோட்டுக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடியில் நின்று வாசித்தோம். விழா அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், நடுவில் வரிசையாக சிமெண்ட் லாரிகள். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். முடிந்ததும் பங்க் முதலாளி ரோட்டைக் கடந்து வந்து எங்களுக்கு ஜாங்கிரி கொடுத்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"பங்க் தொறக்கறதுக்கு மட்டும்தான் வருவீங்களா, இல்ல கல்யாணம் காட்சிக்கும் வருவீங்களா?"

மக்காச்சோளக் காவல்

டவுனுக்குள் பயிற்சி செய்ய யார் வீட்டிலும் இடம் தரவில்லை. கடைசியில் அப்பாஸின் மாமா தன் பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையைத் தந்தார். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. வேலை முடிந்து பொழுது சாயப் போவோம். பக்கத்துக் காட்டுக்காரர் தங்கராசு தினமும் வரப்பில் வந்து நின்று எங்களையே பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். இடத்தைக் காலி செய்யச் சொல்லப் போகிறார், எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கிறார் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். ஒரு நாள் கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டார். அப்பாஸ் எழுந்து சலாம் போடாத குறையாக, சத்தம் தொந்தரவாக இருந்தால் குறைத்துக்கொள்கிறோம் என்றான். அவர் பதறிப்போனார். அந்த வட்டாரத்தில் காட்டுப்பன்றி புகுந்து கதிரையெல்லாம் மென்று போட்டிருக்கிறது. அவர் காட்டை மட்டும் அவ்வளவாகத் தொடவில்லை. காரணம் என்னவாக இருக்கும் என்று பார்க்கத்தான் தினமும் வந்து நின்றிருக்கிறார்.

"வெளியூரு போறதா இருந்தா மொதநாளே சொல்லிட்டுப் போங்க தம்பி, நீங்க இல்லாத அன்னிக்குப் பன்னி வந்துடுது."

டிரம்மர் எப்ப வருவாரு?

திருமானூரில் ஒரு பொங்கல் விளையாட்டு விழா. கரும்புக் கட்டும் கபடி மைதானமுமாக ஊரே கலகலவென்று இருந்தது. மைக் செட்காரர் தன் வேலையில் கெட்டிக்காரர். கிட்டாருக்கு ஒயர் கொடுத்தார், பாடுகிறவருக்கு மைக் கொடுத்தார், டிரம்ஸைச் சுற்றி மைக்குகளை நிறுத்திவிட்டு என்னிடம், டிரம்மர் எப்ப வருவாரு என்று கேட்டார். வந்தாச்சு அண்ணே என்றேன். அவர் அப்பாஸைப் பார்த்தார், கதிரவனைப் பார்த்தார், வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த மாரியப்பன் அண்ணனைக்கூடப் பார்த்தார். மறுபடியும் கேட்கப் போனவரைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சுற்று வாசித்துக் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, அசடு வழியவும் இல்லை. ஒரு மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அப்பறம் ஏம்மா இவ்வளவு நேரமா சும்மா நிக்கிறீங்க, வந்ததுமே தட்டிக் காட்டியிருந்தா அளவு வெச்சிருப்பேன்ல?"

காது குத்து

பூலாம்பாடியில் பல வீடுகளில் யாராவது ஒருவர் மலேசியாவில் இருப்பார். அப்படி அங்கிருந்து வந்த ஒரு தாய்மாமன், தங்கை குழந்தையின் காது குத்துக்கு எங்களை ஏற்பாடு செய்தார். கோலாலம்பூரில் இந்த மாதிரி இசையைக் கேட்டிருக்கிறாராம். தங்கை வீட்டாருக்கு இது பிடிக்கவில்லை. மேளம் நாதஸ்வரம் இருக்கும்போது இது எதற்கு என்று சமையல் பந்தலில் பெரிய வாக்குவாதம். எங்களை ஓரமாக உட்காரவைத்து, சாப்பிடுங்கள், வாசிக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். பாயசம் வரை வந்துவிட்டோம்.

அதற்குள் மாமன் மடியில் குழந்தைக்குக் காது குத்தியாயிற்று. அது அழுத அழுகையில் நாதஸ்வரமே நின்றுவிட்டது. கிலுகிலுப்பை, மிட்டாய், மாமன் போட்ட சங்கிலி, எதற்கும் மசியவில்லை. மாமன் எங்களைப் பார்த்து வாசிங்க என்று சாடை காட்டினார். பயந்துகொண்டேதான் ஆரம்பித்தோம். குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்தபடி கதிரவனையே பார்த்தது. தன்னைவிடச் சத்தமாக அழுகிற ஒருவனை அது அன்றுதான் பார்த்திருக்கும். பாட்டு முடிந்ததும் மறுபடியும் அழுகை. அடுத்த பாட்டு, அமைதி. குழந்தை தூங்குகிற வரை எங்களை யாரும் விடவில்லை. காலையில் எங்களை வேண்டவே வேண்டாம் என்று சொன்ன குழந்தையின் அத்தைதான் என் முதுகுக்குப் பின்னால் நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

"அது நிறுத்திடுச்சு, நீ நிறுத்திடாத கண்ணு."

தொண்டை

இப்படி ஊர் ஊராகக் கத்தியதில் கதிரவனுக்குத் தொண்டை போய்விட்டது. கரகரப்பு இல்லை, சத்தமே இல்லை. அரியலூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனோம். உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, மீறினால் பழைய குரல் திரும்பாமலே போகலாம் என்றார். கதிரவன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்குப் பதில் நான்தான் பேசினேன். எதைப் பற்றிப் பாடுவீர்கள் என்று கேட்டார். புழுதி, லாரி, தண்ணீர் வராத குழாய், வேலை கிடைக்காதது என்று வரிசையாகச் சொன்னேன். இதற்கெல்லாம் மெதுவாகப் பாடினால் ஆகாதா என்று கேட்டார். கோபமாகப் பாடுவதுதான் பங்க் என்றேன். மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே சொன்னார்.

"எழுதறப்போ கோவப்படுங்க, பாடறப்போ எதுக்கு? கேக்கறவங்க படட்டும்."

லாரிப் பாட்டு

அந்த மாதத்திலேயே ஒரு நிகழ்ச்சியை ஒப்புக்கொண்டிருந்தோம். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கும் சுரங்கத்தை ஒட்டிய ஊர். வீட்டுக் கூரை, வேப்பமரம், எருமை முதுகு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கதிரவன் வாயைத் திறக்க முடியாது, அப்பாஸுக்குச் சுருதி சேராது, அதனால் டிரம்ஸ் அடித்துக்கொண்டே நான் பாடுவது என்று முடிவானது. ஊர் மன்றச் செயலாளர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, டிப்பர் லாரியைப் பற்றிய பாட்டு மட்டும் வேண்டாம் என்றார். லாரி ஓட்டுவதே அந்த ஊர்ப் பிள்ளைகள்தான், வீண் மனஸ்தாபம் வரும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. சரி என்றோம்.

சாயங்கால வெயிலில் பாதி நிகழ்ச்சி போயிருக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, லாரிப் பாட்டு ஒன்று இருக்கிறதாமே, அதைப் பாடுங்கள் என்றார். அஞ்சலை அக்கா. மெயின் ரோட்டில் இட்லிக் கடை வைத்திருப்பவர். அவர் கணவர் நடராசன் மொபெட்டில் போகும்போது டிப்பர் மோதி இறந்துபோனார் என்பது எங்களைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செயலாளர் என்னைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், பிறகு பாடும்மா என்பது போலத் தலையை அசைத்தார்.

எனக்குக் கதிரவன் வேகத்தில் பாட வராது. கையும் வாயும் ஒன்றாகப் போக வேண்டும் என்பதால் தாளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். புழுதி வருது பின்னால, லாரி வருது முன்னால என்று பாடும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. இத்தனை ஊர்களில் பாடிய பாட்டின் வார்த்தைகள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லோர் காதிலும் விழுகின்றன. முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. லாரி ஓட்டும் பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாமான் கட்டும்போது அக்கா வந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எதையோ தேடிக் கிடைக்காதவர் மாதிரி இருந்தார்.

"பாட்டு நல்லாத்தாம்மா இருக்கு. முழுக்க லாரியே வருதே, எங்க வூட்டுக்காரரு எங்க வராரு?"

ஓரம், ஓரம்

திரும்பி வரும் வழியில் வேனிலேயே கதிரவன் செல்போனில் தட்டி எங்களிடம் காட்டினான்: அந்த அக்காவைப் போய்ப் பார்ப்போம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கே போனோம். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவர் கணவர் எப்படி இறந்தார் என்று கேட்க மனம் வரவில்லை. எப்படி இருப்பார் என்று கேட்டேன். அக்கா இட்லித் துணியை விரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊர் ஏரிக்கரை இறக்கத்தில் மொபெட் இன்ஜினை நிறுத்திவிடுவாராம். சத்தமில்லாமல் வண்டி உருண்டு வருவதால் ஆடு, கோழி, ஆள் எல்லோரையும் பார்த்து "ஓரம், ஓரம்" என்று சொல்லிக்கொண்டே வருவாராம். அந்தச் சத்தம் கேட்டதும் இவர் சட்னி தாளிக்க எண்ணெய் வைப்பாராம். சொல்லும்போது இரண்டு தடவை சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

கதிரவன் அந்தப் பாட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினான். இப்போது அதில் லாரி ஒரு வரியில்தான் வருகிறது. மற்றபடி ஏரிக்கரை இறக்கத்தில் ஒரு மனிதர் உருண்டு வந்துகொண்டே இருக்கிறார். டாக்டரம்மா அனுமதி கொடுத்ததும், செயலாளரைக் கேட்டுக்கொண்டு அதே ஊரில் அதே மைதானத்தில் பாடினோம். "ஓரம், ஓரம்" என்ற இடத்தில் முதலில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு பெண்கள். கடைசிச் சுற்றில் லாரி ஓட்டும் பையன்களும் கத்தினார்கள். அவர்களில் ஒருவன் கத்திக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாரியப்பன் அண்ணன் வேன் கண்ணாடியை இறக்கியிருந்தார். அந்த ரோட்டில் இப்போது வேகத்தடை இருக்கிறது. அது பாட்டால் வந்ததில்லை. அஞ்சலை அக்காவும் ஊர்ப் பெண்களும் ரோட்டில் உட்கார்ந்து வாங்கியது. அன்றைக்கு நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தோம்.

பாடி முடித்த அந்தச் சாயங்காலம் அக்கா மேடைப் பக்கம் வந்தார். பிடித்ததா என்று கதிரவன் கேட்டான்.

"அவரேதான். ஆனா அவரு இவ்வளவு கத்த மாட்டாரு தம்பி."

காது வலிக்கிறது என்று எங்களிடம் சொல்லாதவர்கள் அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களிலும் ஒருவரும் இல்லை என்றாலும், அதைச் சொல்வதற்காகவாவது எல்லோரும் கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.