கட்டிலுக்கு அடியில் ஆங்கிலம்

எங்கள் ஆங்கில டீச்சர் முதலாளி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார். அப்பா சந்தேகப்பட அது ஒன்றே போதுமாக இருந்தது.

அருமனைக்கு அப்பால் அந்த முதலாளியின் ரப்பர் தோட்டத்தில்தான் அப்பா பால் வெட்டினார்; குடியிருந்ததும் தோட்டத்து வீட்டில். கோட்டாற்றிலிருந்து புதிதாக வந்த டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாடம் நடத்துவார். அடுக்களையில் என்ன இருக்கிறது, காலையில் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் வீடுகளுக்கே வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் காட்டிக் கேட்பார்.

இதை நான் பெருமையாகச் சொன்னபோது அப்பா டீத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்ம வீட்டுல என்ன இருக்குன்னு டீச்சருக்கு எதுக்குலே?"

"படிக்கதுக்குப்பா."

"படிக்கது நீயா, அவுங்களா?"

அப்பாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு இருந்தது. பால் வடியும் சிரட்டையிலும் மரப்பட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பால். அதுவும் முதலாளிக்குச் சேர வேண்டியதுதான். வெட்டுகிறவர்கள் விற்பதற்காகக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பார்கள். தெரிந்துவிட்டால் வேலை போகும். வேலையோடு வீடும் போகும்.

"இன்னைக்கு டீச்சரு கேட்டு வாசல்ல முதலாளிகிட்ட சிரிச்சிட்டு நிக்கியாவ" என்றார் அப்பா ஒருநாள்.

"வீட்டுச் சொந்தக்காரரப் பாத்தா பின்ன அழுவாவளா?" என்றாள் அம்மா.

அப்பாவின் சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. காலையில் உன் அப்பா என்ன செய்வார் என்று வகுப்பில் கேட்டதற்கு, தூங்குவார் என்று சொல்லிவைத்தேன். விடியுமுன்னே மரத்தடியில் நிற்கிற மனிதரைப் பற்றித்தான்.

ஒரு மழைச் சனிக்கிழமை டீச்சர் குடையோடு வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து கோழியைக் கேட்டார், கலத்தைக் கேட்டார். பிறகு அவர் விரல் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

"வாட் இஸ் இன் தி சாக்?"

அப்பா வாசலில் நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. அந்த வாரம்தான் கதம்பைக்கு ஆங்கிலம் படித்திருந்தேன்.

"கோகனட் ஹஸ்க், டீச்சர்."

டீச்சர் சேலைத் தலைப்பை மூக்கில் ஒற்றிக்கொண்டார். மழையில் நனைந்து சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

"வெரி குட். முழு வாக்கியமா, சத்தமா சொல்லு."

"திஸ் இஸ் கோகனட் ஹஸ்க். வீ பர்ன் இட்."

இன்னொரு தடவையும் சொல்லவைத்து, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"என்னத்தலே சொன்ன?"

"கதம்பைன்னு சொன்னேம்ப்பா. அடுப்பெரிக்கன்னு."

"கதம்பைக்கா திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாவ?"

அப்பா நம்பவில்லை. அன்று மாலையே சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டுபோய்த் தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரையில் கொட்டிவிட்டு வந்தார். முதலாளி கூப்பிடுவார் என்று பல நாள் காத்திருந்தார். கூப்பிடவில்லை. சமயம் பார்த்துச் சொல்வதற்காக டீச்சர் சேர்த்து வைத்திருக்கிறார் என்று முடிவுசெய்தார். நானோ, நல்ல ஆங்கிலத்தால் ஒரு டீச்சரையே ஏமாற்றிவிட்டதாக வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி விடுதிக்குப் போன பிறகு முதல் விடுமுறைக்கு வந்தபோதும் மழை. வாசலில் கால் வைத்ததும் அழுகிய வாடை ஒன்று முகத்தில் அடித்தது. கை தானாக மூக்குக்குப் போயிற்று. குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் புதிய சாக்கு.

"என்ன மக்கா, சளியா?" என்றாள் அம்மா.

ஆமாம் என்றேன்.