மடிக்கணினிக்குள் பூத்த பச்சை

இன்று காலை என் மகள் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள். கறுப்புத் திரை, மேலே ஒரே ஒரு வெள்ளை வரி: "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்." எழுந்து ஓடத் தேவையான ஹார்ட் டிஸ்க்கைக் காணோம் என்று கணினி கையை விரிக்கிறது, அவ்வளவுதான். எனக்கோ தோசைக் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஏம்மா இப்படி முழிக்கிறே? வைரஸா?" என்றாள்.

வைரஸ் இல்லை. அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பூங்கொடி அக்காவின் கண்கள் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் அக்காவின் கணவர், அதாவது மச்சான், மடிக்கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். டிப்ளமா முடித்த கையோடு நான் அங்கே போய் உட்கார்ந்தேன். என்னைப் பெற்ற அத்தா தடுக்கவில்லை. அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "பொம்பளப் புள்ள கையில ஸ்க்ரூடிரைவரா?" என்று தினமும் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவார். என் விரல்கள் மெலிசு என்பதால் நுணுக்கமான வேலையெல்லாம் எனக்கே வந்தது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மூடியைத் திறக்காமலே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பாதி தப்பாக இருக்கும், அது வேறு விஷயம்.

அப்படி நான் தப்பாகச் சொன்ன ஒரு கணினியைக் கொண்டுவந்தவர் பூங்கொடி அக்கா. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த குடும்பத்தின் மருமகள். முப்பது வயதிருக்கும். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். பாடக் குறிப்பு, பழைய வினாத்தாள் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தன. முதல் தடவை ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன், ஓடியது. ஒரு மாதத்தில் அதே வரியோடு வந்தார். குறிப்புகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன். மறுபடி வந்தார். புது டிஸ்க்கே போட்டோம். நாலாவது தடவை வந்தபோது தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

"ஏஞ்சாமி, இங்க வந்தா ஓடுது. எங்க ஊட்டுக்குப் போனா செத்துப் போகுது. எனக்குப் படிக்கக் குடுப்பினையே இல்லீங்களா?" என்றார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு, இமையெல்லாம் வீக்கம்.

எப்போது வந்தாலும் அவர் கண் அப்படித்தான் இருக்கும். நான் மனதுக்குள் ஒரு தொடர்கதையே எழுதி வைத்திருந்தேன். புருஷன் கொடுமைக்காரர், படிக்க விடுவதில்லை, கோபத்தில் கணினியைத் தூக்கித் தூக்கி எறிகிறார், இந்த அக்கா பஸ்ஸில் அழுதுகொண்டே வருகிறார் என்று. மச்சானிடம் ரகசியமாகச் சொல்லியும் விட்டேன். "ஒனக்கு இந்த வேலை வேணாம்மா, டிவியில கதை எழுதப் போ" என்றார் அவர்.

அன்றைக்குத்தான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் செருகும் இடத்தில் வரிசையாக இருக்கும் சின்னஞ்சிறு ஊசிகள் தங்க முலாம் பூசியவை. முலாமைத் துளைத்துக்கொண்டு உள்ளேயிருந்த செம்பில் பச்சை பூத்திருந்தது, பாசி படிந்த மாதிரி. புதுசாகப் போட்ட டிஸ்க்கிலும் அதே பச்சை.

"தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா?" என்றார் மச்சான்.

"ஐயோ, பச்சத்தண்ணிகூடப் பக்கத்துல வெக்கறதில்லீங்க."

துடைத்துக் கொடுத்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. அடுத்த வாரம் நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரி அலுவலகத்துக்குப் போகும் வேலை வந்தது. மச்சானும் நானும் அப்படியே பண்ணைக்கும் போனோம்.

விடாமல் மழை பெய்த வாரம். கொட்டகையில் கூண்டுகள் உயரத்தில், அடியில் மாதக்கணக்கான எச்சம் குவிந்து, குழாய்த் தண்ணீர் ஒழுகிச் சொதசொதவென்று கிடந்தது. அதை ஒட்டினாற்போல ஓர் அறை, முன்பு தீவன மூட்டை அடுக்கிய இடம். அதன் ஒரே ஜன்னல் கொட்டகைக்குள் திறந்தது. அங்கே மேஜை, நாற்காலி, கணினி. உள்ளே கால் வைத்ததும் எச்சத்தின் நெடி ஏறி, என் கண்ணில் யாரோ வெங்காயத்தைப் பிழிந்த மாதிரி எரிந்தது. மச்சான் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

"ஊட்டுல அத்தை டிவி போட்டுட்டா ஒரு வரி மண்டையில ஏறாது சாமி. இங்கதான் நிம்மதி. காலையில வந்தா பொழுது சாயற வரைக்கும் இங்கதான்" என்றார் பூங்கொடி அக்கா. மேஜையில் மூன்று விதமான கண் சொட்டு மருந்து. ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. பூட்டு பச்சை. மின்விசிறிக் கம்பியின் நுனி பச்சை.

என் கண்ணிலும் நீர் கொட்ட ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, நீங்க அழுதுட்டு வர்றீங்கன்னுல்ல நான் நெனச்சேன்!"

"நான் எதுக்குச் சாமி அழோணும்?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமானது.

அவர் கணவர் தங்கவேல் மோர் கொண்டுவந்தார். நான் கற்பனை செய்த கொடுமைக்காரர் அவர்தான்: மெலிந்த, கூச்சமான மனிதர். கணினியைப் பிரித்து, டார்ச் அடித்து அந்தப் பச்சையைக் காட்டினேன். "அண்ணா, எனக்கு வைத்தியமெல்லாம் தெரியாது. ஆனா போன வாரம் தொடச்சது மறுபடி பூத்திருக்கு. எச்சத்துலேர்ந்து அமோனியா கெளம்புதுல்ல, தங்கப்பூச்சையே தின்னுருக்கு இந்தக் காத்து. அக்கா நாளெல்லாம் இதத்தான் மூச்சா இழுக்கறாங்க."

அவருக்கு லேசாகக் கோபம். "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க. எங்கப்பன் நாப்பது வருசம் இதுக்குள்ளதான் இருந்தாரு."

"இப்ப எப்படிங்க இருக்காரு?"

"அவரு போயிட்டாருங்க. கடைசி ரெண்டு வருசம் இருமி இருமியேதான்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. மனைவியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வெள்ளை வரியைச் சரி செய்ய வந்து, ஒரு மனிதரின் தகப்பன் செத்த கதையைத் திறந்துவிட்டேனே என்றிருந்தது. அந்த மோரை நாங்கள் குடிக்கவில்லை.

சற்று நேரத்தில் அவர் எழுந்து மேஜையைத் தனியாளாகத் தூக்கினார். மழையில் நனைந்தபடி வீட்டுக்குக் கொண்டுபோய் முன்னறையில் போட்டுவிட்டு, "ஏம்மா, சாயங்காலம் வரைக்கும் இனி டிவி வேண்டாம்" என்று தன் அம்மாவிடம் சத்தமாகச் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

அந்தக் கணினி அதற்கப்புறம் கடைக்கு வரவேயில்லை. பூங்கொடி அக்கா வந்தார், ஒரு வருடம் கழித்து, ஸ்வீட் பெட்டியோடு. இரண்டாவது முயற்சியில் தேறி, தாலுகா அலுவலகத்தில் வேலை. எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண் அத்தனை வெள்ளை.

மச்சான் கடை இப்போது இல்லை. போன விடுமுறைக்கு ஜேடர்பாளையம் அணைக்கட்டில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் பண்ணைப் பக்கம் இறங்கினோம். பண்ணையும் இல்லை. கொட்டகைகளை இடித்து நிரவி, மரவள்ளி போட்டிருந்தார்கள், ஆளுயரத்துக்கு. பூங்கொடி அக்கா உள்ளே காப்பி கலக்க, தங்கவேல் அண்ணன் என்னை வரப்புவரை கூட்டிப்போனார்.

"ஏனுங்க, கோழி எச்ச வாசம் இன்னும் அடிக்குதுங்களா?"

மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஈர மண், இலை. "சுத்தமா இல்லீங்கண்ணா. ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்குச் சின்ன வயசுல அப்பன்கூடக் கொட்டகையில நின்னப்பவே மூக்குக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சுங்க. இவ தலையில மல்லி வெச்சாக்கூடக் கண்ணுல பாத்துத்தான் தெரிஞ்சுக்கறது" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

பேசிக்கொண்டே ஒரு மரவள்ளி இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கீழே போட்டார்.