சந்தைத் தெருவில் ஒரு ‘த்’

என் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் ‘ஒற்று சார்’ என்று பெயர். இருபத்தாறு வருடமாக அங்கே மெய்ப்புப் பார்க்கிறார், அதாவது அச்சுக்குப் போகும் முன் எழுத்துப் பிழை திருத்துகிறார். க், ச், த், ப் வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணத்துக்கு முன் நான் அவருக்கு எழுதிய முதல் கடிதம், சிவப்பு மையில் ஏழு திருத்தங்களோடு எனக்கே திரும்பி வந்தது. அப்போதே ஓடியிருக்க வேண்டும். கட்டிக்கொண்டேன்.

அப்படிப்பட்ட மனிதர், ஐம்பத்தொரு வயதில், பட்டப்பகலில், கம்ப்யூட்டர் விளையாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலைக்குப் போக வேண்டிய நாள். போகாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காரணத்துக்கு ஒருவர் தலையில் கைவைத்து உட்காருவார், இல்லை சண்டைக்குப் போவார். இவர் ஊர் கட்டும் விளையாட்டைத் தேடிப் பிடித்திருந்தார்.

காரணம் இதுதான். சத்துமாவு தயாரிக்கும் ஒரு கம்பெனி, டப்பாவில் ஒட்டும் சீட்டுகளை இவர்கள் அச்சகத்தில் அடிக்கக் கொடுத்திருந்தது. ‘தினமும் காலை குடிக்கவும்’ என்று வர வேண்டும். ‘தினமும் காலைக் குடிக்கவும்’ என்று வந்துவிட்டது. மொத்தத்தையும் அடித்து, வெட்டி, ஒட்டி, டப்பாக்கள் கடைக்கும் போன பிறகுதான் யாரோ ஒரு புண்ணியவான் கம்பெனிக்கு போன் போட்டு, “யார் காலைங்க குடிக்கணும்?” என்று கேட்டிருக்கிறார்.

முதலாளி கொதித்துப் போனார். அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்தது ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. “நான் ‘காலை’ன்னுதான் அடிச்சேன். சார் என்னை எழுந்திரிக்கச் சொல்லிட்டு, அவரே உட்கார்ந்து ஏதோ அடிச்சார்” என்று சொன்னாள். “உட்கார்ந்தேன், படிச்சேன், எழுந்துட்டேன். அந்த வரியில கையே வைக்கல” என்றார் இவர். முதலாளி இரண்டு பேரையும் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். திங்கட்கிழமை ஒருவர்தான் உள்ளே வருவார் என்றும் சொல்லிவிட்டார்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. என் வாய் அப்படி. அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கி, போன் போட்டுக் கிழித்துவிட்டேன். “அவர் கைபட்டா தப்பு சரியாகும்மா, சரி தப்பாகாது. பழியைப் போட வேற ஆளைப் பாரு” என்றேன். அவள் வாயைத் திறக்க முடியாதபடி பேசிவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

இவர் விளையாட்டில் இறங்கிய கதைக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் கட்டிலைவிட்டால் இருந்த ஒரே பெரிய பொருள் கம்ப்யூட்டர்தான். பின்பக்கம் பெருத்த திரை, அதற்கு நான் தைத்த ஒரு உறை. ஒரு சிடி வட்டை உள்ளே தள்ளினால் கொஞ்ச நேரம் கரகரவென்று அரைக்கும். அது அரைத்து முடிப்பதற்குள் நாங்கள் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவிவிடுவோம். பிறகு காலியான ஒரு நிலம் திரையில் வரும். அதில் சாலை போட்டு, வீடு கட்டி, தண்ணீர் கொண்டுவந்து ஓர் ஊரையே உண்டாக்க வேண்டும். மவுஸ் ஒன்றுதான் என்பதால் முறை வைத்துக்கொள்வோம். தீயணைப்பு நிலையத்தை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். அந்த வீட்டில் நாங்கள் சிரித்த அளவுக்குப் பிறகு எந்த வீட்டிலும் சிரித்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அதே விளையாட்டு இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி இப்போது கிடைக்கிறதாம். அதற்கு யாரோ முகம் தெரியாத ரசிகர் ஒருவர் தமிழில் ‘மாட்’ செய்து இலவசமாக வைத்திருக்கிறார். மாட் என்றால், விளையாட்டுக்கு மேலே போட்டுவிடும் புதுச் சட்டை. தெருப் பெயர், கடைப் பெயர் எல்லாம் தமிழில் மாறிவிடும். இவருக்கு இது போதாதா?

ஆனால் சட்டை ஏறவில்லை. அந்தக் காலத்தில் வட்டைப் போட்டால் ஓடியது. இப்போது ஒரு மாட் போட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இன்னொன்று போட வேண்டும். அது வேறொன்றைக் கேட்கிறது. அந்த வேறொன்று, ‘உன் விளையாட்டின் பதிப்பு எனக்கு ஒத்துவராது’ என்கிறது. சம்பந்தி வீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு முறுக்கிக்கொள்ள மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒருவழியாகச் சமாதானப்படுத்தி ஓடவிட்டால், திரை கறுப்பாகி, ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொள்கிறது.

“என்னங்க ஆச்சு?”

“மாட் மாட்ட மாட்டேங்குது.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்ன வாக்கியத்தின் அழகே அவருக்குத் தெரியவில்லை. அப்போதே எனக்கு லேசாகப் பயம் வந்தது.

மாட் செய்தவருக்கு எழுதிக் கேட்டார். மறுநாள் பதில் வந்தது: ‘அமைப்புக் கோப்பில் கோப்புறைப் பெயரைச் சரியாக அடித்தீர்களா?’ அதைப் படித்ததும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்கிட்டயே கேக்குறான்” என்று வீடு முழுக்க நடந்தார். அச்சகத்துச் சண்டையில்கூட அவர் இப்படி நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். குழாயில் ஒட்டிய பெயரையும் சீட்டில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்காமல் எந்திரத்தில் வைக்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில், “குறிப்பை நான் படிக்கிறேன், நீங்க அடிங்க” என்றேன்.

மாட் செய்தவர் எழுதிய குறிப்பில் இப்படி இருந்தது: ‘கீழே உள்ள கோப்புறைப் பெயரை அப்படியே தட்டச்சு செய்யவும்.’ கீழே ‘சந்தை தெரு’. அதுதான் மாட் இருக்கும் ஃபோல்டரின் பெயர்; ஓர் எழுத்து மாறினாலும் விளையாட்டுக்கு அது கிடைக்காது. வெட்டி ஒட்டலாம்தான். இவர் செய்ய மாட்டார். தானே அடித்தால்தான் நம்பிக்கை.

“சந்தை. இடம் விடுங்க. தெரு.”

அடித்தார். திரையில் ‘சந்தைத் தெரு’ என்று இருந்தது.

“த் எதுக்குப் போட்டீங்க?”

“எந்த த்?”

“இப்ப அடிச்சீங்களே.”

“அடிக்கலையே.”

“திரையைப் பார்த்துப் படிங்க.”

திரையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. பார்த்துவிட்டு, “சந்தை தெரு” என்று நிதானமாகப் படித்தார்.

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சத்தியமாக அவர் கண்ணுக்கு அந்த எழுத்து தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததால், அவருக்கு அது இல்லாத மாதிரியே இருந்தது. அவர் விரல் தன்பாட்டுக்கு அதைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல அடுத்த எழுத்துக்குப் போயிருந்தது.

“ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க” என்றேன். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேசுகிற குரல் எனக்கு வந்துவிட்டது.

“ச. ந். தை.” அங்கே நின்றார். “த்.”

அச்சக வழக்கப்படி, தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியையும் எண் போட்டுச் சேமித்து வைத்திருந்தார். ஒன்றாவது கோப்பைத் திறந்தார். சந்தைத் தெரு. இரண்டாவது. சந்தைத் தெரு. ஒன்பதையும் திறந்தார். ஒன்பதிலும் அந்த எழுத்து உட்கார்ந்திருந்தது. பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

“நான் கையே வைக்கலன்னு சொன்னேன்ல” என்றார். விளையாட்டைப் பற்றிச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

“சொன்னீங்க.”

“முதலாளி கேட்டப்ப சத்தியம் பண்ணாத குறையா சொன்னேன்.”

“நான் அந்தப் பொண்ணையே கூப்பிட்டுச் சொன்னேன்” என்றேன். அவர் பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவளும் சொல்லவில்லை. இருபத்தாறு வருடப் பெயர் ஒரு பக்கம், ஒரு வருடம்கூட ஆகாத பெண் ஒரு பக்கம். தராசைப் பிடித்து அழுத்தியது நான்.

அவர் அந்த ஓர் எழுத்தை அழித்தார். விளையாட்டை ஓடவிட்டார். திரை கறுப்பாகவில்லை. காலி நிலம் வந்தது, பழைய இசை வந்தது, ஓரத்தில் ‘சாலை’, ‘வீடு’, ‘தண்ணீர்’ என்று அழகான தமிழில் வரிசையாக வந்தன. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது அந்த நிலத்தைப் பார்த்து. நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

“அந்தப் பொண்ணு நம்பர் உன்கிட்ட இருக்குல்ல?”

போன் போட்டேன். இரண்டு பேருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

“அக்கா, இனிமே நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாம் முடிஞ்சிருச்சு” என்றாள். குரலில் கோபமே இல்லை.

“என்ன முடிஞ்சிருச்சு?” என்று கேட்டேன்.

“நேத்து முதலாளி வீட்டுக்குப் போய் எழுதிக் கொடுத்துட்டேன். தப்பு என்னோடதுன்னு.”

“ஏம்மா?” என்றேன். “நீதான் அடிக்கலையே.”

“அடிக்கலன்னுதான் நெனைச்சேன். நீங்க போன் பண்ணி அப்படிச் சொன்னதும் யோசிச்சேன். எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. சார் கை தப்பு பண்ணாதுன்னு. அப்ப நான்தானே பண்ணியிருக்கணும்? யோசிக்க யோசிக்க, நான் அடிச்ச மாதிரியே ஞாபகம் வந்துருச்சுக்கா. க் அடிச்ச விரல்கூட ஞாபகம் இருக்கு.”

நான் திட்டியது அவளைக் காயப்படுத்தியிருக்கும் என்று நினைத்துத்தான் மன்னிப்புக் கேட்கப் போன் போட்டேன். அவள் செய்யாத ஒன்றை அவள் மண்டைக்குள்ளேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நான் சார் பேசறேன்.”

“சொல்லுங்க சார்” என்றாள் அவள்.

“அந்த க் நான் போட்டதும்மா. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. நீ அடிச்ச ஞாபகம் இருந்தா அது பொய். நான் அடிக்காத ஞாபகமும் பொய். நான் இப்ப முதலாளி வீட்டுக்குப் போறேன். நீ எழுதிக் கொடுத்ததை வாங்கிக் கிழிச்சுட்டு, நான் எழுதிக் கொடுக்கறேன்.”

“உங்க வேலை போயிடுமே சார்” என்றாள் அவள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்து உன் நாற்காலியில உட்காரு” என்றார் அவர். “இனிமே யார் எழுந்திரிக்கச் சொன்னாலும் எழுந்திரிக்காதே.”