நான்காவது நாற்காலி

பத்மநாபனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தொண்ணூற்றெட்டில் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்தவன். அங்கே பாணேர் பகுதியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஐந்தே வருடத்தில் டீம் லீடர் ஆகிவிட்டான். தனக்குக் கீழே முகுந்த், சுப்ரஜா என்று இரண்டு தமிழ் ஆட்கள் அமைந்ததில் அவனுக்கு வாயெல்லாம் பல். டீமில் மீதி ஒருத்தி மேதா ஜோக்லேகர், இந்த ஊர்ப் பெண். மற்றவர்கள் எழுதும் புரோகிராமைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை.

மதியம் கேண்டீனில் தமிழர்கள் மூவரும் தயிர்சாதத்தோடு ஒரு மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். நான்காவது நாற்காலியில் அவர்களுடைய பைகள் உட்கார்ந்திருக்கும். மேதா வேறெங்காவது போய்ச் சாப்பிடுவாள்.

"மேதாவையும் கூப்பிடலாமே சார்," என்று சுப்ரஜா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அட வுடுங்க. சோறு திங்கறப்பக் கூடவா ஹிந்தியில மண்டைய ஒடைக்கோணும்?"

வெறும் அரட்டையாக இருந்திருந்தால் தொலைகிறது என்று விடலாம். இந்தப் புண்ணியவான்கள் சோற்றைப் பிசைந்தபடியே ஆபீஸ் விஷயங்களையும் அங்கேயே முடிவு செய்துவிடுவார்கள். அப்படித்தான் ஒரு மருந்துக் கிடங்கின் புரோகிராமில் காலாவதித் தேதி பார்க்கும் முறையை மாற்றினார்கள். மேதாவிடம் சொல்லவேண்டும் என்ற நினைப்பு கை கழுவியதோடு போயிற்று. அவள் பழைய முறைக்கு வேண்டியதை மட்டும் சோதித்து அனுப்பிவிட்டாள். காலாவதியான மருந்து கடைகளுக்குப் போகவிருந்ததைக் கிடங்குக்காரர்களே கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள்.

மீட்டிங்கில் மேனேஜர் மேதாவைத்தான் பிடித்துக்கொண்டார். அவள் பத்மநாபனைப் பார்த்தாள். நான்தான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மறுவாரமே அவள் ராஜினாமா கொடுத்துவிட்டாள். போகாதே என்று சொல்லத்தான் பத்மநாபன் அவள் இடத்துக்குப் போனான். போய், வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினான்.

கடைசி நாள் மதியம் மேதா பூரண்போளி டப்பாவோடு அவர்கள் மேசையருகே வந்து நின்றாள்.

"நானும்... இங்க உக்காரலாமா?"

தமிழில்தான் கேட்டாள். சுப்ரஜா வாயில் வைத்த கவளத்தை விழுங்க மறந்து, எப்போது கற்றுக்கொண்டாய் என்று ஹிந்தியில் கேட்டாள்.

"போன வருஷமே," என்று மேதாவும் ஹிந்தியில் சொன்னாள். "போபோடியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தமிழ்க்கார மேரி அக்கா இந்த ஒரு வரியை மட்டும் சொல்லிக் கொடுத்தாள். கேட்கத்தான் தைரியம் வரவில்லை."

பத்மநாபன் பைகளை அள்ளித் தரையில் போட்டான். அவமானத்தில் காது சுட்டது. தட்டுத் தடுமாறி மன்னிப்புக் கேட்டான். அவள் அவன் தட்டில் ஒரு போளியை வைத்தாள். பிறகு நால்வரும் ஹிந்தியிலேயே பேசினார்கள், சிரித்தார்கள், கேண்டீன் காலியாகும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அதுதான் பத்மநாபனை இன்றுவரை உறுத்துகிறது.