கல்லில் அம்மாவுக்குப் பட்டுப்புடவை

அம்மா பட்டுப்புடவை கட்டி நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரகடத்தில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு எதிரே, கருங்கல்லில், பெரிய ஜரிகைக் கரை வைத்த பட்டோடுதான் நிற்கிறாள். இரண்டு பக்கமும் கோட்டு சூட்டோடு இரண்டு இளைஞர்கள். ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அந்த இடம் இப்போது ‘கல்லு ஸ்டாப்’. அந்தக் கல் வந்த கதையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் சாலையைக் கடந்து கேட்டுக்குள் போகக் காத்திருந்தார்கள். ஒரு ரவுடியைத் துரத்திக்கொண்டு பைக்கில் வந்த கும்பல், அவன் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்ததும் நாட்டு வெடிகுண்டை வீசியது. அவன் தப்பிவிட்டான். அம்மாவும், அவளோடு வேலை செய்த திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் இருவரும் செத்துப்போனார்கள். மூன்று பேரும் கம்பெனியின் நீல யூனிபார்மில் இருந்தார்கள்.

அதே இடத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைக்க வேண்டும் என்று கூட வேலை செய்தவர்கள் விடாமல் கேட்டார்கள். கடைசியில் கம்பெனி இடமும் கொடுத்தது, கல்லும் கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான். கல்லில் கம்பெனி பெயரும் கூடாது, யூனிபார்மும் கூடாது. கேட்டுக்கு வெளியே நடந்ததற்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லையாம். அதைச் சொல்ல வீட்டுக்கு வந்த அதிகாரி எனக்குப் பெரிய சாக்லேட் கொடுத்தார். ரொம்ப நல்லவர் என்று முடிவு செய்துகொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அதே கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அதிகாரி படியிறங்கியதும் அப்பாவைப் பார்த்துக் குதித்தார்.

“இன்னா மாமா இது? வேலைக்குப் போவசொல்லதானே அக்கா செத்துச்சு? கல்யாணத்துக்கா போச்சு?”

“கல்லாவது நிக்கட்டும்டா,” என்றார் அப்பா. “வுட்டா அந்த எடத்துல பஜ்ஜிக்கடை போட்ருவானுங்க.”

அதற்கு மேல் சண்டை போட அவருக்குத் தெம்பில்லை.

அம்மாவுக்கென்று இருந்த ஒரே தெளிவான படம் கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் நீலச் சட்டை போட்டிருந்தாள். கல்லில் பொறிப்பதற்குப் படம் தயார்செய்ய அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிளெக்ஸ் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் திரையில் தலையில்லாத பெண்கள் பட்டு கட்டி வரிசையாக நின்றார்கள். கடைக்காரர் அம்மாவின் தலையை ஒவ்வொருத்தி கழுத்திலும் வைத்துக் காட்டினார்.

“பாப்பா, அம்மாக்கு எந்தப் பொடவ கட்லாம்? நீ சொல்லு.”

எனக்கு ஒரே குஷி. அரக்கு நிறப் பட்டைக் காட்டினேன். கல்லில் நிறம் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு அரக்கு பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திறப்பு நாளன்று பந்தல் போட்டு, ரோஜா மாலையெல்லாம் வாங்கியிருந்தார்கள். துணியை விலக்கியதும், செத்துப்போன பையன்களில் ஒருவனுடைய அம்மா கல்லருகே போய், அதில் மகன் போட்டிருந்த கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

“எய்யா, இத ஒனக்கு யாருய்யா போட்டுவிட்டா? வேலைக்குல்லா வந்த நீ!”

வேடிக்கை பார்க்க வந்த ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். “இன்னாபா, அம்மாவும் ரெண்டு பசங்களுமா? கல்யாணத்துக்குப் போவசொல்ல ஆக்சிடென்ட்டா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான் என்று கத்தினேன். அவர் பாவம், திருதிருவென்று விழித்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து நேராக, அழுக்கு நீல யூனிபார்மோடு. எல்லோரும் நல்ல உடுப்பில் இருக்கும்போது இவர் மட்டும் இப்படியா என்று எனக்கு மானமே போயிற்று. அதிகாரிகள் கல்லோடு போட்டோ எடுக்க நின்றார்கள். மாமா போய் அம்மாவை ஒட்டி நின்றுகொண்டார்.

“தள்ளி நில்லுப்பா, போட்டோல வுழற,” என்றார் சாக்லேட் கொடுத்த அதிகாரி.

மாமா நகரவில்லை. நான் ஓடிப்போய் அவர் கையை இழுத்தேன். “மாமா, பொங்கல் சட்டைய போட்டுக்கினு வந்திருக்கலாம்ல?”

“இருக்கட்டும் பாப்பா,” என்றவர், பையிலிருந்த கம்பெனித் தொப்பியையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் முதல் மாமா வேலைக்குப் போகவில்லை. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பகலெல்லாம் பொங்கல் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். என் பேச்சைக் கேட்டுத்தான் மாமா அந்த நீலச் சட்டையை விட்டுவிட்டார் என்று தெருப்பிள்ளைகளிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.