மூன்றாவது வரி

கனடாவின் வினிபெக்கில், பல்கலைக்கழகக் கணிதத் துறையின் வியாழக்கிழமைக் கருத்தரங்கை நடத்துவது ஆர்லோ பெட்ரிஷினின் வேலை. பேச வருபவரை விமான நிலையம் போய் அழைத்துவருவார், காபி போட்டு வைப்பார், பேச்சு முடிந்ததும் "கேள்வி ஏதாவது?" என்று கேட்டுவிட்டுக் கரும்பலகையைத் துடைப்பார். காலமெல்லாம் அடுத்தவர் தேற்றங்களைத் துடைத்தவர், ஓய்வு பெறும் வருடத்தில்தான் தன்னுடையதை எழுத அந்தப் பலகை முன் நின்றார். தலை நரைக்க நரைக்கச் செய்த ஒரே தேற்றம் அது.

முன் வரிசையில் அவர் நண்பர் மர்வின் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார். எல்லாப் பேச்சிலும் தூங்குகிற ஆள். பேச்சு முடிந்து எல்லோரும் கைதட்டப் போகிற நேரத்தில் கண் திறந்தார்.

"ஆர்லோ, மூணாவது வரியில ஒரு எண்ணை மாறாததுன்னு எடுத்துக்கிட்டியே. மத்தது பெருசாகப் பெருசாக அதுவும் வளராதுன்னு எங்க காட்டின?"

ஆர்லோ பலகையைப் பார்த்தார். என்றோ ஒரு நாள் அது மாறாது என்று நினைத்தவர், பிறகு அந்த வரிக்குத் திரும்பவே இல்லை. அது வளரத்தான் செய்யும் என்பது இப்போது பின் வரிசை மாணவர்களுக்கே தெரிந்தது. கீழே இருந்த அத்தனை வரிகளும் அதன்மேல்தான் நின்றன.

"காட்டல," என்றார். பிறகு, பழக்கத்தில், "வேற கேள்வி ஏதாவது?"

 எல்லோரும் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். மர்வின் மட்டும் நின்றார்.

"இன்னிக்கும் தூங்கித் தொலைச்சிருக்கலாமேடா," என்றார் ஆர்லோ, துடைத்தபடியே.

"தூங்கத்தான் பாத்தேன். நீ பேசறப்போ தூக்கம் வரல."

மர்வின் இன்னொரு டஸ்டரை எடுத்து மறுகோடியிலிருந்து துடைத்தார். மூன்றாவது வரியை மட்டும் இருவரும் கடைசிவரை தொடவில்லை.